குடும்பத்தோடு வெளிநாட்டு ஊழியத்துக்குப் புறப்படுகிறீர்களா? முதல் ஆண்டுக்கான வழிகாட்டி

அழைப்பு உறுதியாகிவிட்டது, சபையும் ஜெபித்து அனுப்பச் சம்மதித்துவிட்டது. சரி, அடுத்து என்ன செய்வது என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் "கர்த்தர் நடத்துவார்" என்பதுதான். நடத்துகிறார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் விசா அலுவலக ஜன்னலில் கேட்கும் காகிதத்தை நாம்தான் கையில் கொண்டுபோக வேண்டும். எது முதலில், எது பிறகு என்று எங்களுக்குச் சொல்ல யாரும் இல்லாததால், ஒவ்வொன்றுக்கும் அலைந்து, காத்திருந்து, மறுபடி போய் நின்றோம். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். வீட்டில் விசா, பணம், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் தொங்கலில் இருக்கும்போது யாராலும் நிம்மதியாக வேதபாடம் நடத்த முடியாது. ஆகவே கீழே உள்ள முதல் ஐந்து படிகளும் ஊழியத்தின் பகுதியே. புறப்படும் தேதிக்குக் குறைந்தது ஓர் ஆண்டு முன்பே தொடங்குங்கள்.

1. எந்த விசா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

டிக்கெட், வீடு, பள்ளி எல்லாம் இதற்குப் பிறகுதான். போகும் நாட்டில் சமய ஊழியருக்கென்று தனி விசா இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்காவில் ஆர்-1 விசா உண்டு. அதற்கு நீங்களே நேரடியாக விண்ணப்பத்தைத் தொடங்க முடியாது. உங்களை அழைக்கும் அங்குள்ள சபையோ அமைப்போ முதலில் மனுச் செய்ய வேண்டும். அதற்கு முந்தைய 2 ஆண்டுகளாவது நீங்கள் அதே சபைப் பிரிவின் உறுப்பினராக இருந்திருக்க வேண்டும். முதலில் 30 மாதம் வரை, மொத்தமாக 5 ஆண்டு வரை தங்கலாம். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கிடைப்பது ஆர்-2. அதில் படிக்கலாம், சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது. பிரிட்டனில் போதகருக்கு ஒரு விசா, குறுகிய காலச் சமயப் பணியாளருக்கு இன்னொரு விசா. போதகர் விசாவுக்கு ஆங்கிலத்தில் பி2 நிலைத் (நடுநிலைக்குச் சற்று மேலான) தேர்ச்சி கேட்கிறார்கள்.

தனி விசா இல்லாத நாடுகளுக்கு ஆசிரியராக, மருத்துவப் பணியாளராக, மாணவராக, தொழில் செய்பவராகப் போகிறவர்கள் உண்டு. அப்படிப் போனால் அந்த வேலையை உண்மையாகவே செய்யுங்கள். பெயருக்கு ஒரு வேலை வைத்துக்கொண்டு வேறொன்றைச் செய்வது சட்டப்படியும் தவறு, சாட்சிக்கும் கேடு.

இங்கே பலர் விழும் குழி சுற்றுலா விசா. "சும்மா ஒரு கூட்டத்தில் பேசிவிட்டு வரப் போகிறேன்" என்பது குடிவரவு அதிகாரியின் கண்ணில் வேலையாகவே தெரியலாம். மதமாற்றம் பற்றிய சட்டத்தையும் போகும் முன்பே படியுங்கள். நேபாளத்தில் 2018 ஆகஸ்டில் அமலுக்கு வந்த தண்டனைச் சட்டத்தின் 158-ஆம் பிரிவு, மதம் மாற்றுவதற்கு 5 ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. குற்றவாளி வெளிநாட்டவர் என்றால் தண்டனை முடிந்த 7 நாளுக்குள் நாட்டை விட்டு அனுப்பவும் அதே பிரிவு சொல்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதை அந்த நாட்டு விசுவாசிகளிடமும் ஒரு வழக்கறிஞரிடமும் கேட்டே முடிவு செய்ய வேண்டும். நீங்கள் செய்யும் அவசரத்துக்கு விலை கொடுப்பவர்கள் பெரும்பாலும் அங்கேயே வாழ்கிற உள்ளூர் சகோதரர்கள்தான். உங்களுக்குத் திரும்பிப் போக ஒரு நாடு இருக்கிறது, அவர்களுக்கு இல்லை.

2. காகிதங்கள்: நேரத்தை விழுங்கும் பகுதி

குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பு போடுங்கள். கைக்குழந்தைக்கும் தனிக் கோப்பு வேண்டும். அதில் இருக்க வேண்டியவை: பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், கல்விச் சான்றிதழ்கள், காவல்துறை நன்னடத்தைச் சான்றிதழ், மருத்துவப் பரிசோதனை அறிக்கை, தடுப்பூசி அட்டை. ஊழியருக்குக் கூடுதலாக அபிஷேக அல்லது நியமனச் சான்றிதழ், அனுப்பும் சபையின் கடிதம், அழைக்கும் சபையின் கடிதம், மாத உதவித்தொகை எவ்வளவு, யார் தருகிறார்கள் என்று காட்டும் கடிதம்.

பாஸ்போர்ட்: நுழையும் நாளிலிருந்து குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன. பிள்ளைகளின் பாஸ்போர்ட் பெரியவர்களுடையதைவிடச் சீக்கிரம் காலாவதியாகும், இதைப் பலர் கவனிப்பதில்லை. 3 ஆண்டு விசா வாங்க நினைக்கும்போது மகளின் பாஸ்போர்ட்டில் 14 மாதம்தான் மிச்சம் என்றால், அவளுக்கு அவ்வளவு காலத்துக்கே விசா கிடைக்கக்கூடும். முதலில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிட்டு அப்புறம் விசாவுக்குப் போங்கள்.

பெயர்: ஒரு சான்றிதழில் முதலெழுத்து மட்டும், இன்னொன்றில் முழுப்பெயர், திருமணச் சான்றிதழில் வேறு எழுத்துக்கூட்டல் என்று இருந்தால் அங்கேயே எல்லாம் நின்றுவிடும். எங்கள் கோப்பு அதிக நாள் கிடந்தது இதனால்தான். பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே மற்ற எல்லாவற்றிலும் இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். திருத்த முடியாத பழைய சான்றிதழ் என்றால், இரண்டு பெயரும் ஒரே ஆளுடையவை என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போஸ்டில்: ஒரு நாட்டின் அரசு ஆவணம் உண்மையானது என்று இன்னொரு நாடு ஏற்றுக்கொள்வதற்கான சான்று முத்திரை இது. இதற்கான 1961-ஆம் ஆண்டின் ஹேக் ஒப்பந்தத்தில் இப்போது 120-க்கும் மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன. உங்கள் நாடும் போகும் நாடும் இரண்டுமே அதில் இருந்தால், சான்றிதழில் ஒரு அப்போஸ்டில் முத்திரை போதும். இல்லையென்றால் வெளியுறவுத் துறை, பிறகு அந்த நாட்டுத் தூதரகம் என்று இரண்டு மூன்று இடத்தில் முத்திரை வாங்க வேண்டும். காலமும் செலவும் அதற்கேற்பக் கூடும். பழைய தகவலை நம்பாதீர்கள். சீனா 2023 நவம்பரிலும் கனடா 2024 ஜனவரியிலும்தான் இந்த ஒப்பந்தத்துக்குள் வந்தன. அதற்கு முன்பு போனவர்கள் சொல்லும் வழி இப்போது பொருந்தாது. இன்னொன்று, சபையின் கடிதம் அரசு ஆவணம் அல்ல. அதற்கு நேரடியாக அப்போஸ்டில் கிடைக்காது. முதலில் நோட்டரி சான்று வாங்க வேண்டும்.

மொழிபெயர்ப்பு: எந்த மொழிபெயர்ப்பாளரை ஏற்பார்கள் என்று தூதரகத்தில் கேட்டுவிட்டுக் கொடுங்கள். அப்போஸ்டில் போட்ட பிறகு மொழிபெயர்க்கச் சொல்வார்களா, அதற்கு முன்பா என்பதையும் கேளுங்கள். முத்திரையையும் சேர்த்து மொழிபெயர்க்கச் சொன்னால் இரண்டாவது முறை பணம் கட்ட நேரிடும்.

காவல்துறைச் சான்றிதழையும் மருத்துவ அறிக்கையையும் கடைசியில் எடுங்கள். இவை இரண்டும் சில மாதங்களில் காலாவதியாகிவிடும். மற்றவை கைக்கு வந்த பிறகு இவற்றுக்குப் போவதே நல்லது.

தாயோ தந்தையோ தனியாகப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பயணம் செய்ய வேண்டி வரும். மற்றவரின் சம்மதக் கடிதத்தை நோட்டரி சான்றோடு முன்கூட்டியே எழுதி வையுங்கள். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஒரு பிரதியை அனுப்பும் சபையில் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

3. தடுப்பூசியும் மருந்தும்

ஆறு மாதம் முன்பே பயண மருத்துவரைப் பாருங்கள். ஹெபடைட்டிஸ்-பி தடுப்பூசியின் வழக்கமான மூன்று ஊசிகளும் முடியவே 6 மாதம் ஆகும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ், போட்ட 10 நாள் கழித்துத்தான் செல்லுபடியாகத் தொடங்கும். 2016 ஜூலை முதல் அது வாழ்நாள் முழுவதுக்கும் செல்லும், மறுபடி போட வேண்டியதில்லை. 9 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு வழக்கமாக இதைப் போடுவதில்லை. கைக்குழந்தை இருந்தால் பயணத் தேதியையே அதற்கேற்ப வைக்க வேண்டியிருக்கும். மருத்துவமனை எட்டாத இடத்துக்குப் போகிறவர்கள் வெறிநாய்க்கடிக்கு முன்தடுப்பு ஊசி போட்டுக்கொள்வது நல்லது. நாயைத் தொடாமல் பிள்ளைகள் இருக்கமாட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் 2018 முதல் ஒரு வார இடைவெளியில் 2 ஊசி போதும் என்கிறது.

தினமும் மருந்து எடுப்பவர்கள் மருந்தின் வேதிப் பெயரோடு மருத்துவர் கடிதம் வைத்திருங்கள். இங்கே சாதாரணமாகக் கிடைப்பது அங்கே தடை செய்யப்பட்டிருக்கலாம். சில சளி மருந்துகளில் இருக்கும் சூடோஎஃபெட்ரின் ஜப்பானில் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. கொடெய்ன் கலந்த மருந்துக்கு ஐக்கிய அரபு அமீரகத்தில் முன் அனுமதி வேண்டும்.

மருத்துவக் காப்பீடு எடுக்கும்போது இரண்டைக் கேளுங்கள். அவசரத்தில் வேறு நாட்டுக்கு விமானத்தில் கொண்டுபோகும் செலவை ஏற்பார்களா? பிரசவச் செலவுக்கு எத்தனை மாதக் காத்திருப்பு? இரண்டாவதைத் தம்பதிகள் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள், பிறகு வருந்துகிறார்கள்.

4. பணம்

மூன்று கணக்கு தனித்தனியாகப் போடுங்கள். முதலாவது, ஒரே முறை செலவு: விசா, சான்றிதழ்கள், தடுப்பூசி, டிக்கெட், வீட்டு முன்பணம், அடிப்படைச் சாமான். இரண்டாவது, மாதச் செலவு. மூன்றாவது, எந்தச் சூழ்நிலையிலும் தொடக்கூடாத நிதி. குடும்பம் முழுவதும் திடீரென்று ஊர் திரும்ப டிக்கெட் பணமும் மூன்று மாதச் செலவும் அதில் இருக்க வேண்டும். மூன்றாவது நிறையாமல் புறப்படாதீர்கள். "விசுவாசத்தால் போகிறோம்" என்று சொல்லும் இளம் தம்பதிகளிடம் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்வேன். கோபுரம் கட்டப் போகிறவன் முதலில் உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று சொன்னவர் இயேசுதான்.

வாக்குறுதி வேறு, வரவு வேறு. தாங்குவதாகச் சொன்னவர்களில் சிலர் முதல் ஆண்டிலேயே நிறுத்திவிடுவார்கள். அவர்களுக்கும் வீட்டில் கஷ்டங்கள் வரும். நாணய மதிப்பும் இறங்கும். ஆகவே மாதத் தேவைக்கு மேலே ஒரு பங்கு சேர்த்தே திட்டமிடுங்கள்.

பணம் அனுப்பும் கட்டணத்தைச் சிறிது என்று விடாதீர்கள். 200 டாலர் அனுப்ப உலக சராசரியாக 6 சதவீதத்துக்கு மேல் போகிறது என்பது உலக வங்கியின் கணக்கு. பத்துப் பேர் பத்துத் தடவை அனுப்புவதற்குப் பதிலாகச் சபையோ சங்கமோ சேர்த்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்பினால் நன்றாக மிச்சமாகும். கணக்கிலும் யார் எதற்குத் தந்தார்கள் என்பது தெளிவாக இருக்கும்.

வரி: பல நாடுகளில் ஆண்டுக்கு 183 நாள் தங்கினால் வரி செலுத்த வேண்டியவராகிவிடுவீர்கள். வெளியிலிருந்து வரும் உதவித்தொகைக்கும் அது பொருந்தக்கூடும். ஒரே வருமானத்துக்கு இரண்டு நாட்டிலும் வரி கட்டாமல் காக்கும் இரட்டை வரி ஒப்பந்தம் இருக்கிறதா என்று போகும் முன்பே ஒரு கணக்காளரிடம் கேளுங்கள்.

5. பிள்ளைகளின் படிப்பு

வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கலாம் என்று நினைத்தால் முதலில் சட்டத்தைப் பாருங்கள். ஜெர்மனியில் வீட்டுக்கல்விக்கு அனுமதி இல்லை. பள்ளிக்கு அனுப்பியே ஆக வேண்டும். உள்ளூர்ப் பள்ளியில் மொழி சீக்கிரம் வரும், நண்பர்கள் கிடைப்பார்கள், முதல் ஆறு மாதம் அழுகையும் வரும். சர்வதேசப் பள்ளியில் பாடம் தடையின்றிப் போகும், ஆனால் கட்டணம் ஒரு ஊழியரின் உதவித்தொகையை விழுங்கிவிடும். சிறு பிள்ளைகளுக்கு உள்ளூர்ப் பள்ளி, 12 வயதுக்கு மேல் போகிறவர்களுக்கு பாடத்திட்டம் மாறாத வழி என்பது என் கருத்து. பள்ளி மாற்றுச் சான்றிதழ், கடைசி இரண்டு ஆண்டு மதிப்பெண் பட்டியல், தடுப்பூசிப் பதிவு மூன்றையும் கையோடு கொண்டுபோங்கள்.

பிள்ளைகளிடம் "ஏன் போகிறோம்" என்று சொல்லுங்கள். எதை விட்டுப் போகிறோம் என்று அவர்கள் அழுவதையும் கேளுங்கள். "இயேசுவுக்காக" என்று சொல்லி அந்த அழுகையை அடக்காதீர்கள். பிற்பாடு அது இயேசுவின் மேல் கோபமாகத் திரும்பும்.

6. போய் இறங்கிய முதல் மாதம்

முகவரிப் பதிவுதான் முதல் வேலை. ஜெர்மனியில் குடியேறிய இரண்டு வாரத்திலும் ஜப்பானில் 14 நாளிலும் பதிய வேண்டும். அந்தப் பதிவு இல்லாமல் வங்கிக் கணக்கோ செல்போன் இணைப்போ கிடைப்பது கடினம். வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன், அந்த முகவரியில் பதிந்துகொள்ள உரிமையாளர் சம்மதிக்கிறாரா, வீட்டில் ஆட்கள் கூடி ஜெபிக்கத் தடை உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதல் வீட்டுக்கு ஆறு மாதத்துக்கு மேல் ஒப்பந்தம் வேண்டாம். எந்தப் பகுதியில் வாழ வேண்டும் என்பது அங்கே போய்ப் பழகிய பிறகுதான் தெரியும்.

வண்டி ஓட்ட வேண்டும் என்றால் சர்வதேச ஓட்டுநர் அனுமதியை உங்கள் நாட்டிலேயே எடுத்துப் போக வேண்டும். அதற்கு 1949, 1968 என்று இரண்டு ஒப்பந்த வகைகள் உண்டு; போகும் நாடு எதை ஏற்கிறது என்று பாருங்கள்.

7. மொழி: இருவருக்கும் சமமான நேரம்

அமெரிக்க வெளியுறவுத் துறை, ஆங்கிலம் பேசும் தன் அதிகாரிகளுக்கு தாய்லாந்து, வியட்நாம் மொழிகளுக்கு 1,100 வகுப்பு மணி நேரமும், சீனம், அரபு, ஜப்பானியம், கொரியம் ஆகியவற்றுக்கு 2,200 மணி நேரமும் ஒதுக்குகிறது. அதுவும் முழுநேரப் பயிற்சியில். எனவே முதல் ஆண்டு முழுவதையும் மொழிக்கே கொடுங்கள் என்று அனுப்பும் சபையிடம் புறப்படும் முன்பே பேசி வையுங்கள். "எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை ஞானஸ்நானம்?" என்ற கேள்வி மூன்றாவது மாதமே வரும். முன்பே பேசியிருந்தால் பதில் சொல்வது எளிது.

கணவன் வகுப்புக்குப் போக, மனைவி பிள்ளைகளோடு வீட்டில் இருப்பது பெரும்பாலான குடும்பங்களில் தானாக நடந்துவிடுகிறது. ஆண்டின் முடிவில் அவர் பிரசங்கிக்கிறார். அவளுக்கோ பக்கத்து வீட்டு அம்மாவிடம் நலம் விசாரிக்கவும் தெரியாது. தனிமை அங்கே தொடங்கும். மிஷனெரிக் குடும்பங்கள் பாதியில் திரும்புவதற்கு இந்தத் தனிமையும் ஒரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். காலையில் ஒருவர், மாலையில் ஒருவர் என்று வகுப்பு எடுங்கள். பிள்ளை பார்த்துக்கொள்ள ஆள் வைக்கும் செலவை மொழிச் செலவிலேயே எழுதுங்கள்.

8. வேதபாடம் தொடங்குவது

உள்ளூர் சபை இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் குறைந்தது ஆறு மாதம் அங்கே சும்மா உட்கார்ந்து கேளுங்கள். எந்த வேதாகமத்தை வாசிக்கிறார்கள், எப்படி ஜெபிக்கிறார்கள், யார் பேசினால் எல்லோரும் அமைதியாகிறார்கள் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

பாடத்துக்கு அவர்கள் கையில் இருக்கும் வேதாகமத்தையே பயன்படுத்துங்கள். ஒரு சின்ன எச்சரிக்கை: அதிகார எண்கள் எல்லா இடத்திலும் ஒன்று அல்ல. ரஷ்ய சினோடல் வேதாகமத்தில் "கர்த்தர் என் மேய்ப்பர்" 22-ஆம் சங்கீதம். கத்தோலிக்க வேதாகமத்தில் 66-க்குப் பதில் 73 புத்தகங்கள். நீங்கள் 23 என்று சொல்லி எல்லோரும் வேறொன்றைத் திறந்துவைத்துத் திகைக்க வேண்டாம். முந்தின நாளே அவர்கள் பிரதியில் சரிபாருங்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு ஒலி வேதாகமம் இருக்கிறது. யூவெர்ஷன் போன்ற செயலிகளில் நிறைய மொழிகளில் இலவசமாகக் கேட்கலாம்.

எங்கே தொடங்குவது? வேதத்தையே கேட்டிராதவர்களிடம் நேராக ரோமருக்குப் போகாதீர்கள். யார் இந்த தேவன், பாவம் என்றால் என்ன என்பது தெரியாமல் சிலுவை புரியாது. ஆதியாகமம் முதல் மூன்று அதிகாரம், ஆபிரகாமும் ஈசாக்கும் மலைக்குப் போன 22-ஆம் அதிகாரம், யாத்திராகமம் 12-இல் பஸ்கா, ஏசாயா 53, அங்கிருந்து மாற்கு சுவிசேஷம். மாற்கு 16 அதிகாரம்தான், நான்கில் சிறியது. வாரம் ஒன்றாக நான்கு மாதத்தில் முடிக்கலாம்.

ஒரு மணி நேரத்தை இப்படிப் பிரிக்கலாம். பகுதியை இரண்டு முறை வாசியுங்கள். புத்தகத்தை மூடிவிட்டு யாராவது ஒருவரைக் கதையைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். விட்டுப்போனதை மற்றவர்கள் சேர்ப்பார்கள். அப்புறம் நான்கு கேள்வி: இதில் தேவனைப் பற்றி என்ன தெரிகிறது? மனிதரைப் பற்றி என்ன தெரிகிறது? இந்த வாரம் நான் எதற்குக் கீழ்ப்படிய வேண்டும்? இதை யாருக்குச் சொல்வேன்? நீங்கள் பேசுவது பாதி நேரத்துக்கும் குறைவாக இருக்கட்டும். மொழி அரைகுறையாக இருக்கும் நாட்களில் இந்த முறை பெரிய உதவி. கேள்வியை மட்டும் நன்றாகக் கற்றுக்கொண்டால் போதும், பதிலை அவர்கள் சொல்கிறார்கள். உள்ளூர் ஒருவர் இரண்டாவது மாதத்திலிருந்தே நடத்தப் பழகிவிடுவார்; நீங்கள் போன பிறகும் அது நிற்காது.

செய்யக்கூடாதவை சில. பாடத்துக்கு வருகிறவர்களுக்கு மட்டும் அரிசியோ பணமோ கொடுக்காதீர்கள். உதவி செய்வதென்றால் வருகிறவர், வராதவர் எல்லோருக்கும் செய்யுங்கள், முடிந்தால் உள்ளூர் சபை வழியாக. பிள்ளைகளுக்கான வகுப்பில் எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும், பெற்றோர் சம்மதம் எழுத்தில் வேண்டும். ஞானஸ்நானப் படங்களைச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள். அந்த முகத்துக்கு ஒரு குடும்பமும் ஒரு முதலாளியும் ஒரு காவல் நிலையமும் இருக்கின்றன.

9. வார ஒழுங்கு

ஞாயிறு உங்களுக்கு வேலை நாள். ஆகவே வேறொரு நாளை ஓய்வுக்கென்று பிரித்து, அண்டை வீட்டாருக்கும் சொல்லிவிடுங்கள். குடும்ப ஜெபத்தைத் தாய்மொழியிலேயே நடத்துங்கள். பிள்ளைகள் நாள் முழுவதும் இன்னொரு மொழியில் உழைக்கிறார்கள். தேவனிடம் பேசவாவது அவர்களுக்குத் தடுமாறாத மொழி வேண்டும். கதவைத் திறந்து வைக்கும் மாலைகள் எவை, மூடும் மாலைகள் எவை என்பதைக் கணவனும் மனைவியும் சேர்ந்தே முடிவு செய்யுங்கள்.

10. ஜெபக் கடிதமும் விசாப் புதுப்பிப்பும்

மாதம் ஒரு பக்கம் போதும். நன்றி, நடந்தது, ஜெபக் குறிப்பு, பணக் கணக்கு. கட்டுப்பாடு உள்ள நாடு என்றால் ஊர்ப் பெயர், ஆட்பெயர், படம் எதுவும் வேண்டாம். வாட்ஸ்அப்பில் ஒருவருக்கு அனுப்பியது எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

விசா முடிவதற்கு நான்கு மாதம் முன்பே புதுப்பிக்கும் வேலையைத் தொடங்குங்கள். பிள்ளைகளின் பாஸ்போர்ட்டை அதற்கும் முன்பு பாருங்கள், ஏனென்றால் தூதரகம் வேறு நகரத்தில் இருக்கலாம். புதுப்பிப்பு நிலுவையில் இருக்கும்போது நாட்டை விட்டு வெளியே போனால் விண்ணப்பமே ரத்தாகும் இடங்கள் உண்டு. ஆகவே ஊருக்கு விடுமுறைக்குப் போகும் டிக்கெட்டைப் புதிய அனுமதி கைக்கு வந்த பிறகே எடுங்கள். அதுவரை விண்ணப்ப ரசீதின் நகல் வீட்டில் பெரியவர்கள் ஒவ்வொருவர் கைப்பையிலும் இருக்கட்டும்.